துணைக்குப் போகிறவன்

எங்கள் ஊரில் அந்தப் போர்க்காலத்தில் யாரும் கொழும்பு பார்க்கப் போனதில்லை. கொழும்பு கூப்பிடும், நாங்கள் போய் முன்னால் நிற்போம். கடவுச்சீட்டு எடுக்க, பிள்ளையை விமானம் ஏற்ற, பிடித்துக்கொண்டு போன பிள்ளை எந்தச் சிறையில் மறியல் என்று விசாரிக்க, மட்டக்களப்பு டொக்டர் 'இதைக் கொழும்பில காட்டுங்க' என்று சொன்னதைக் கொண்டுபோய்க் காட்ட. மாவட்டச் செயலகமான கச்சேரியில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்த காலத்தில் எத்தனையோ லீவு விண்ணப்பங்களில் கையொப்பம் வைத்திருக்கிறேன். கொழும்புப் பயணத்துக்குக் காரணம் என்ற இடத்தில் மகிழ்ச்சியான ஒரு சொல்லை ஒருவர்கூட எழுதியதில்லை.

தனியாகவும் யாரும் போவதில்லை. துணைக்கு ஒரு ஆள் வேண்டும். துணை என்றால் பேச்சுத்துணை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். வழியில் சோதனைச்சாவடியில் ஒருவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி எடுத்தால், இன்ன இடத்தில் இறக்கி எடுத்தார்கள் என்று வீட்டில் வந்து சொல்ல இன்னொருவர் வேண்டும். துணை என்பதன் நடைமுறை விளக்கம் அதுதான்.

அவன் அந்தத் துணை. எங்கள் ஊருக்கு மட்டுமல்ல, ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் அவனைத் தேடி வருவார்கள். அவன் இப்போது இல்லை. எங்கே போயிருந்தாலும் யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போயிருப்பான்.

என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். படிப்பு அவனுக்கு ஏறவில்லை. ஏறாததைப் பற்றி அவனுக்கு வருத்தமும் இருக்கவில்லை. அரசாங்க நெல் களஞ்சியம் ஒன்றில் பொறுப்பாளராக வேலை கிடைத்தது. சில வருடங்களில் களஞ்சியத்தில் இராணுவம் வந்து குடியேறியது. நெல் போய்விட்டது, கட்டடம் போய்விட்டது, பதவி மட்டும் இருந்தது. பதவியை நீக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு கட்டளை வர வேண்டும். கட்டளை வர வேண்டுமென்றால் யாராவது கேட்க வேண்டும். கேட்பதற்கு யாருக்கும் அக்கறை இல்லை. ஆகவே அவன் மாதா மாதம் சம்பளம் எடுத்தான், போவதற்கு இடம் இல்லாமல். அந்த இடத்தைத்தான் மற்றவர்களுடைய கஷ்டங்கள் நிரப்பின.

பஸ்ஸில் அவன் ஒருபோதும் யன்னல் பக்கம் இருக்கமாட்டான். கூட வந்தவரை யன்னலோரம் இருத்தி, தான் நடைபக்கம் இருப்பான். பஸ்ஸுக்குள் ஏறும் சிப்பாய் முதலில் அவனைத்தான் தாண்ட வேண்டும். அவன் உருவம் பெரியது. தாண்டுவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். கூட வந்தவருடைய அலுவல் முடியும்வரை சோறு தின்னமாட்டான். தேத்தண்ணி, இரண்டு வாழைப்பழம், அவ்வளவுதான். நேர்த்திக்கடனா என்று ஒருமுறை கேட்டேன். "வயிறு நிறைஞ்சா நித்திர வரும், மச்சான்" என்றான்.

என்ன அலுவல் என்று கேட்கவும் மாட்டான். அதுதான் அவனிடம் எனக்கு விளங்காத நடைமுறை. கோப்பைத் திறக்காமல் எப்படித் தீர்மானம் எடுப்பது?

"கேட்டா சொல்லோணும். சொன்னா அழோணும். பஸ்ஸுக்குள்ள அழப்படா" என்பான். "கொழும்பு போய்ச் சேந்தா அவங்களே சொல்லுவாங்க. எல்லாரும் முதல்ல சும்மா போறம் எண்டுதான் சொல்லுவாங்க."

அவனிடம் இன்னொரு பழக்கம். ஊரில் அவன் எல்லாரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவான். அவனோடு பயணம் புறப்படுகிறவர் யாரென்றாலும் மரியாதைக்குரியவராகிவிடுவார். ஒரு தடவை அம்மைத்தழும்பு முகத்தோடு ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றான். பதினாறு வயது இருக்கும். "இதில இருங்க. தண்ணி குடிங்க. பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். முதல்நாள் அதே பையனை வீதியில் வைத்துக் காதைத் திருகியதை நான் பார்த்திருந்தேன்.

ஒருவரோடு போனால் அவரோடுதான் திரும்புவான். இடையில் வேறு ஆளின் அலுவலைக் கையில் எடுக்கமாட்டான். கடவுச்சீட்டுக் கந்தோர் வரிசையில் தெரிந்த முகங்கள் வந்து, "அண்ணன், எனக்கும் ஒருக்கா உள்ளுக்கு வந்து கதைச்சுத் தாங்களன்" என்று கெஞ்சுவார்களாம். "நான் ஒராளோட வந்திரிக்கன்" என்பானாம். அதற்குமேல் ஒரு சொல் வராது. இதனால் அவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்று சொன்னவர்களும் உண்டு.

இந்த விதியை அவன் எதுவரை கொண்டுபோவான் என்று எனக்குத் தெரிந்தது சுனாமியில்தான்.

அவனுடைய வீடு கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடந்த ஒரு துண்டு நிலத்தில் இருந்தது. அவனும் மனைவியும்தான், பிள்ளைகள் இல்லை. கடல் வந்த காலையில் அவன் ஏறாவூரிலிருந்து ஒரு தகப்பனைக் கூட்டிக்கொண்டு, அவருடைய மகன் கட்டாருக்குப் போவதை வழியனுப்ப விமானநிலையத்தில் நின்றான். செய்தி கேட்டு, உடைந்த வீதிகளைச் சுற்றிக்கொண்டு தகப்பனை ஏறாவூரில் இறக்கிவிட்டு வந்து சேர்ந்தபோது அவனுடைய தெருவே இருக்கவில்லை.

நான் அப்போது ஒரு பாடசாலை முகாமுக்குப் பொறுப்பாக இருந்தேன். பாணுக்கு ஒரு வரிசை, பாலுக்கு ஒரு வரிசை, காணாமல் போனவர்களைச் சொல்ல ஒரு வரிசை. அவன் முகாமுக்கு வந்து ஒரு மூலையில் இருந்தான். அன்று பின்னேரமே ஆட்கள் அவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உடல்கள் கிடத்தப்பட்டிருந்தன. போய்ப் பார்த்து அடையாளம் காட்ட வேண்டும். தனியாகப் போக யாருக்கும் துணிவில்லை. அவன் போனான். ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தான்.

தாயைத் தேடிய ஒரு தச்சுத் தொழிலாளி பிறகு எனக்குச் சொன்னார். இருவரும் உடல்களைப் பார்த்துக்கொண்டே போனார்களாம். ஓரிடத்தில் இவன் சற்று நின்றானாம். "என்ன அண்ணன்?" என்று தச்சர் கேட்க, "ஒண்டுமில்ல, வாங்க. அங்கால பாப்பம்" என்று தோளில் கைவைத்துக் கூட்டிக்கொண்டு போனானாம். கடைசி வரிசையில் தாய் இருந்தாள். தச்சரை அழவிட்டு, ஆட்களிடம் பேசி, தாயை எடுப்பதற்கான ஒழுங்கு செய்து, முகாம்வரை கூட்டிக்கொண்டுவந்து, அவருடைய தங்கச்சியிடம் ஒப்படைத்துவிட்டு, "நான் ஒருக்காப் போயிட்டு வாறன்" என்று தனியே திரும்பிப் போனானாம். அவன் நின்ற இடத்தில் கிடந்தது அவனுடைய மனைவி.

தச்சர் இதைச் சொல்லும்போது அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது.

அதன்பிறகு அவன் முன்னைவிட அதிகமாகப் பயணம் போனான். கேட்பவர்களும் அதிகம், வீட்டில் காத்திருப்பவர் யாரும் இல்லை.

போர் முடிந்துவிட்டது என்று வானொலி அறிவித்த அடுத்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன. சத்தம் நின்றது, அடுத்து என்ன செய்வதென்று ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை. என் மனைவி மகளுடைய பிள்ளைப்பேறு பார்க்க மெல்பனுக்குப் போயிருந்தாள். ஆறு மாதம் என்று போனவள். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. அவளுடைய விசா நேரத்துக்கு நேரம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, எல்லாம் முறைப்படி. எனக்கு ஓய்வூதியம் வரும். அதற்கு வருடத்துக்கு ஒருமுறை நான் உயிரோடு இருப்பதாகக் கிராம சேவகரிடம் போய் உறுதிப்படுத்த வேண்டும். இதுவரை என் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டு வருகிறார்கள்.

காலையில் பத்திரிகை வாங்குவதற்குப் பஸ் நிலையம்வரை நடப்பேன். வீட்டுக்குப் பக்கத்திலும் பத்திரிகை கிடைக்கும். பஸ் நிலையத்தில் அவன் இருப்பான், யாரையாவது ஏற்றிவிட்டு, அல்லது யாருக்காவது காத்துக்கொண்டு. சேர்ந்து தேத்தண்ணி குடிப்போம். அது பதினைந்து நிமிடம். மிச்ச நாள் முழுவதும் நான் யாரோடும் பேசுவதில்லை என்பதை ஒருநாள் மாலை பாற்காரனுக்கு 'நாளைக்கு வேண்டாம்' என்று சொல்லும்போது தொண்டை அடைத்ததில்தான் கவனித்தேன்.

அந்தக் காலை அவன் ஒரு கிழவியை வாழைச்சேனை பஸ்ஸில் ஏற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். எதிரே கொழும்பு பஸ் இரைந்துகொண்டிருந்தது. பாதி ஆசனங்கள் காலி. கொண்டக்டர் கதவைத் தட்டித் தட்டி, கொழும்பு கொழும்பு என்று கத்தினான்.

"மச்சான், கொழும்புக்குப் போவமா?" என்று கேட்டேன்.

கேட்டது நான்தான் என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு மேசை நகர்த்துவதற்கும் முன்கூட்டியே அனுமதி எடுத்துப் பழகியவன்.

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இப்பவா?"

"இப்ப."

"சரி, ஏறு."

அவ்வளவுதான். மாற்று உடுப்பு இல்லை, வீட்டுக்குப் பூட்டுப் போட்டேனா என்பதும் சந்தேகம். எனக்குப் பள்ளிக்கூடம் கள்ளமடித்த சந்தோசம். அவன் என்னை யன்னலோரம் இருத்தினான். அதையும் நான் அன்பு என்றே எடுத்துக்கொண்டேன். நான் கேட்டது பெரிய விசயம் ஒன்றுமில்லை. ஒரு மனிதன் என் பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும், இரண்டு நாள், என்னுடைய எந்தக் கஷ்டத்துக்காகவும் இல்லாமல்.

வெலிக்கந்தையில் சோதனைச்சாவடி எடுபட்டுப் பல மாதங்கள். ஆனாலும் அந்த இடம் வந்ததும் பஸ்ஸில் பாதிப்பேர் எழும்பி அடையாள அட்டையைக் கையில் எடுத்தார்கள். பஸ் நிற்காமல் போனது. எல்லோரும் வெட்கத்தோடு மறுபடி இருந்தார்கள். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினான்.

"ஒள்ளம் தண்ணி குடிங்க" என்றான்.

குடிங்க. எனக்கு முதலில் பிடிபடவில்லை. பொலன்னறுவையில் பஸ் நின்றபோது "இறங்கப் போறீங்களா? பாத்து, படி உசரம்" என்றான். அப்போது விளங்கியது. அரைநூற்றாண்டாக என்னை நீ என்றவன். நான் அவனுடைய பயணிகளில் ஒருவனாகிவிட்டேன்.

"மச்சான், நான் சும்மா சுத்திப் பாக்கத்தான் போறன்" என்றேன்.

"ஓம் ஓம்" என்றான், மிகவும் இதமாக. "சும்மாதான். வேற என்ன?"

கொழும்பு வந்து, புறக்கோட்டையில் அவன் வழக்கமாகத் தங்கும் லொட்ஜுக்குப் போனோம். முதலாளி அவனைக் கண்டதும் எழும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "இந்த முறை ஆர்? என்ன கேஸ்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவன் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினான். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு தலையணை கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போவோம் என்றேன். மறுக்கவில்லை. பஸ் காலி நகரத்துக்குப் போகும் பெருவீதியால் போனபோது ஒவ்வொரு தூதரக வாசலும், ஒவ்வொரு ஆஸ்பத்திரித் திருப்பமும் வரும்போது அவன் எழும்பத் தயாராகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் எந்த இடத்தில் கலங்குகிறேன் என்று கண்டுபிடிக்கும் முயற்சி. நான் எந்த இடத்திலும் கலங்கவில்லை. அது அவனுடைய கவலையைக் கூட்டியது.

மிருகக்காட்சிசாலையில் அவன் மிருகங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றான்.

"யானையப் பாரன்" என்றேன். "ஊரில வயல் வட்டைக்குள்ள வந்தா வெடி போட்டுக் கலைக்கிறம். இஞ்ச வரிசையில நிண்டு பாக்கிறம்."

"ஓம்" என்றான் திரும்பாமல். "களைச்சிப் போனீங்களா? நிழலுக்க இருப்பமா?"

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லடாப்பா."

"நான் ஒண்டும் கேக்கல்லியே."

மதியம் சாப்பாட்டுக்கடையில் அவன் தேத்தண்ணி மட்டும் குடித்தான். இரவும் அப்படியே. நான் எவ்வளவு வற்புறுத்தியும் "எனக்குப் பசியில்ல, நீங்க சாப்பிடுங்க" என்றான். காலையிலிருந்து அந்தப் பெரிய உடம்பு இரண்டு வாழைப்பழத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதல்நாள் பயணமும் அப்படித்தான். படுக்கப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அலுவல் இல்லாத ஒருவனின் அலுவல் எப்போது முடிவது? இந்த வேகத்தில் போனால், கொழும்பு பார்க்கக் கூட்டிவந்த மனிதனை நான் பட்டினிபோட்டே கொன்றுவிடுவேன்.

விடிந்ததும் சொன்னேன்: "மச்சான், உண்மையில எனக்குக் கண் கொஞ்சம் மங்கலாத் தெரியுது."

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. கட்டிலில் இருந்து துள்ளி எழும்பினான்.

"கண்ணா? கண்தானா? அட, நான் என்னென்னமோ நினைச்சிட்டன்! ராவு முழுக்க நித்திரயில்ல. கண் எண்டா என்ன, ஒரு மணித்தியால வேல. வெளிக்கிடுங்க, வெளிக்கிடுங்க."

கண்ணாஸ்பத்திரியில் அவன் நடந்ததைப் பார்க்க வேண்டும். எந்த வாசல், எந்தச் சீட்டுத் துண்டு, எந்த வரிசை, எந்த நேர்ஸ் சிரிப்பாள், எவள் ஏசுவாள் எல்லாம் தெரியும். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். படி வந்தால் படி என்றான், கதவு வந்தால் கதவு என்றான். எனக்கு இரண்டும் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தன. என்னை இப்படி ஒருவர் பிடித்து நடத்திய கடைசி நாள் எது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு நீண்ட மர வாங்கில் எங்களை இருத்தினார்கள். சுவரோரம் நான்; நடைபக்கம் அவன். முந்திய இரண்டு நாளும் தேவைக்குமேல் வாய் திறக்காதவன் கதைக்கத் தொடங்கினான். கணக்கு வாத்தியாருடைய சைக்கிளை வாவிக்குள் தள்ளிய கதை. அவன் தள்ள நான் பார்த்துக்கொண்டு நின்றதாகத்தான் இவ்வளவு காலமும் என் ஞாபகம். நான்தான் தள்ளினேன் என்று அவன் அடித்துச் சொன்னான். "நீங்கதான் தள்ளின. அடி வாங்கின நான்." வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தோம். நான் கொழும்புக்கு வந்தது இதற்குத்தான். மிருகக்காட்சிசாலையில் கிடைக்காதது இங்கே, மருந்து மணத்துக்குள், ஒரு பொய்யின் பேரில் கிடைத்தது. இந்த வரிசை நகராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். வரிசைகள் நகராமல் இருப்பதற்கான வழிகள் எனக்கு நிறையத் தெரியும். ஆனால் அங்கே எனக்கு அதிகாரம் இல்லை.

முறை வந்தது. கண்ணுக்குள் பார்ப்பதற்கு முதலில் கருவிழியை விரிக்க வேண்டும் என்று ஒரு நேர்ஸ் இரண்டு கண்ணிலும் மருந்து விட்டாள். சிங்களத்தில் கேட்டாள்: "கூட ஆள் வந்திருக்கா? பின்னேரம்வரை பார்வை தெளியாது. தனியப் போகக்கூடாது."

"நான் இரிக்கன்" என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே அவன் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டான்.

மறுபடி வாங்கில் வந்து இருந்தோம். கொஞ்ச நேரத்தில் எதிர்ச்சுவரின் எழுத்துகள் கரைந்தன. யன்னல் ஒரு வெள்ளை நெருப்பானது. அந்த வெள்ளைக்குள் இருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"ஐயா, நீங்க தமிழா? எங்கட பக்கமா? இவங்க என்னமோ சொல்றாங்க. எனக்கு ஒண்டும் விளங்குதில்ல."

பனிச்சங்கேணியிலிருந்து வந்தவள். புருசன் வாவியில் வீசிய வலையில் ஏதோ ஒரு இரும்பு வந்திருக்கிறது. போர் போட்டுவிட்டுப் போன சாமான். தட்டிப் பார்த்திருக்கிறார், வெடித்துவிட்டது. மட்டக்களப்பிலிருந்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அவன் எழும்பாமலே, பக்கத்தில் நின்ற தாதியிடம் கேட்டு அவளுக்குச் சொன்னான்.

"தங்கச்சி, கண்ணுக்க மட்டுமில்லயாம். தலைக்குள்ளயும் ஏதோ துண்டு இரிக்கிற மாதிரி தெரியுதாம். வேற ஆஸ்பத்திரிக்கு இப்ப வண்டியில கொண்டுபோகப் போறாங்க. நீங்களும் ஏறோணும்."

"நான் தனியவா?"

அவன் வாங்கில் அசைந்து என் பக்கம் நெருங்கி இருந்தான்.

"எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியா ஐயா. பாசையும் தெரியா. ஒருக்கா வாங்களன். ஏத்தி இறக்கிவிட்டா மறுகா நான் பாத்துக்குவன்."

"நான் ஒராளோட வந்திரிக்கன், தங்கச்சி" என்றான்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். உடல்களுக்கு நடுவில் 'ஒண்டுமில்ல, வாங்க' என்ற குரலும் இப்படித்தான் இருந்திருக்கும். அவன் வாங்கின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தான். என் தொடையில் பட்டுக்கொண்டிருந்த அவனுடைய கை இரும்பாக இருந்தது. அவன் போகமாட்டான். என்னை ஊரில் கொண்டுபோய் விடும்வரை போகமாட்டான். அந்தப் பெண் அழாமல் நின்றாள். வெளியே வண்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

நான் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் போதும். வண்டி போய்விடும், அவன் என்னோடு இருப்பான், பின்னேரம் ஒரு நல்ல கடையில் சோறு சாப்பிடுவான்.

"மச்சான்" என்றேன். "என்ர கண்ணுக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ போ."

"மருந்து விட்டிரிக்காங்க. கதையாதீங்க."

"மருந்து விட முதல் ஒண்டும் இல்ல. நான் பொய் சொன்னனான். நீ சாப்பிடாம இருந்த. அதுக்காகச் சொன்னனான்."

அவன் திரும்பியது தெரிந்தது. முகம் ஒரு வெளிறிய வட்டமாகத்தான் இருந்தது.

"அப்ப நீ என்னத்துக்கு வந்த?" நீ என்று கேட்டான்.

"உன்னோட வர."

"என்னோட எங்க?"

"இஞ்சதான். சும்மா. உன்னோட."

கோபப்பட்டான் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கு அது விளங்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அவனைத் தேடி வந்திருக்கிறார்கள். அவனுக்காக ஒருவரும் வந்ததில்லை. அப்படி ஒன்று நடந்தால் அதற்கு என்ன செய்வது என்று அவனிடம் ஒரு முறை இல்லை. என்னிடமும் இல்லை.

பிறகு என் முகத்துக்கு நேரே கையை நீட்டினான். "இது எத்தின விரல்?"

வெளிச்சத்துக்குள் ஒரு நிழல் ஆடியது.

"மூண்டு" என்றேன்.

மூன்றுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் எழும்பினான். என் தோளை ஒருமுறை அழுத்தினான். "வாங்க தங்கச்சி, கெதியா வாங்க. பயப்படாதீங்க, நான் வாறன்" என்ற குரல் நடையால் போய், மூலையில் திரும்பி, வெளியே வண்டியின் சத்தத்தோடு சேர்ந்து இல்லாமல் போனது.

டொக்டர் என் கண்களுக்குள் பார்த்தார். வயதுக்கு மிகவும் நல்ல கண்கள் என்றார். கூட வந்தவர் எங்கே என்று கேட்டார். வெளியே நிற்கிறார் என்றேன்.

வாசலுக்கு வந்தபோது வீதி கொதித்தது. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் எரிந்துகொண்டு நடந்தன. பஸ்களின் பெயர்ப்பலகைகள் மின்னலாகக் கடந்து போயின. சுவரைத் தடவிக்கொண்டு பஸ் தரிப்பிடம்வரை போனேன். வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸிலும் காலிமுகத்திடலுக்கா என்று கேட்டேன். நாலாவது கொண்டக்டர் ஓம் என்றான்; குடித்துவிட்டு வந்த வெறிக்குட்டி என்று நினைத்தோ என்னவோ, கையைப் பிடித்து இழுத்து ஏற்றினான்.

கடலுக்கு எதிரே இருந்த கட்டுச்சுவரில் போய் இருந்தேன். கடல் இருந்த பக்கம் வெறும் வெள்ளை. சத்தத்தை வைத்துத்தான் அது கடல் என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கண்ணை மூடினால் சிவப்பு, திறந்தால் வெள்ளை. வேறொன்றும் செய்வதற்கில்லை. காத்திருப்பது எனக்குப் பழக்கம். முன்பு மற்றவர்களைக் காக்க வைத்தேன்.

வெயில் சரியச் சரிய ஒவ்வொன்றாகத் தெளிந்தது. முதலில் ஐஸ்கிரீம் வண்டியின் சிவப்பு. பிறகு பட்டங்கள், அவற்றின் நூல், நூலின் மறுமுனையில் பிள்ளைகள். குடைகளுக்குள் ஒளிந்திருந்த சோடிகள். முழங்கால்வரை வேட்டியை உயர்த்திக்கொண்டு அலைக்குள் நின்ற இரண்டு கிழவர்கள். அவர்கள் ஒருவரையொருவர் தள்ளிச் சிரித்தார்கள். அங்கே இருந்த ஒருவர் கையிலும் ஆஸ்பத்திரித் துண்டு இல்லை. ஒருவரும் எந்த வாசலையும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அத்தனை பேரும் சும்மா வந்திருந்தார்கள்.

பார் மச்சான், இதைத்தான் சொன்னேன் என்று காட்டுவதற்கு எனக்கு அவன் வேண்டியிருந்தது. அவன் அந்த நேரம் நகரத்தின் இன்னொரு பக்கத்தில், ஏதோ ஒரு வாங்கில், அந்தப் பெண்ணைச் சுவரோரம் இருத்திவிட்டு, மூன்றாம் நாளாகச் சாப்பிடாமல் இருந்திருப்பான்.